ரெண்டு வரிக்கு இவ்வளவு விலையா?

ஜனவரியில் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில், சிறுவர் நூல் அரங்கு எதற்கு முன்னாலாவது கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. பிள்ளை ஒரு படப் புத்தகத்தை எடுத்து நீட்டும். அம்மா வாங்கிப் புரட்டுவார். “ஒரு பக்கத்துக்கு ரெண்டு வரிதான்டா இருக்கு. அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுவ. இதுக்கா இவ்வளவு விலை? அதோ, குண்டா நீதிக் கதைகள் இருக்கு பாரு, அதை எடு.”

பக்கத்தை எண்ணி, எழுத்தை எண்ணி, விலையால் வகுத்துப் பார்த்து வாங்குவது நம் பழக்கம். உழைத்துச் சம்பாதித்த காசு, கணக்குப் பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் படப் புத்தகத்தில் பாதிக் கதைக்கு மேல் படத்தில்தான் இருக்கிறது. வரிகளை மட்டும் எண்ணினால் அந்தப் பாதியை விலையில்லாப் பொருளாக ஒதுக்கிவிடுகிறோம். பிள்ளை கையை நீட்டியதோ அந்தப் பாதிக்காகத்தான்.

1968-இல் பேட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் எழுதி வரைந்த ‘ரோஸீஸ் வாக்’ என்ற புத்தகத்தில் மொத்தமே 32 ஆங்கிலச் சொற்கள். ரோஸி என்ற கோழி உலாவக் கிளம்புகிறது. முற்றத்தைக் கடக்கிறது, குளத்தைச் சுற்றுகிறது, வைக்கோற்போரில் ஏறி இறங்குகிறது, மாவு ஆலையைத் தாண்டுகிறது, வேலியில் நுழைகிறது, தேனீப் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து, சாப்பாட்டு நேரத்துக்குக் கூட்டுக்குத் திரும்பிவிடுகிறது. எழுத்தில் உள்ள கதை இவ்வளவுதான். படத்திலோ ஒரு நரி ஆரம்பத்திலிருந்தே பின்னால் வருகிறது. பாயும்போதெல்லாம் அடி வாங்குகிறது. குளத்தில் விழுகிறது, தலையில் மாவு கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்துகின்றன. ரோஸி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘நரி’ என்ற சொல் புத்தகத்தில் எங்குமே கிடையாது. படிக்கத் தெரிந்த அப்பா வரியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, படிக்கத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளை “நரி! நரி வருது!” என்று கத்திவிடும். அந்த வீட்டில் கதையை முதலில் படித்தது யார்?

மாரிஸ் சென்டாக் 1963-இல் செய்த ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ இன்னும் நுட்பமானது. சேட்டைக்காரப் பையன் மேக்ஸை அம்மா சாப்பாடு தராமல் அறைக்கு அனுப்பிவிடுகிறார். அந்த அறையில் காடு வளர்கிறது. காடு வளர வளர, முதலில் சின்னச் சதுரமாக இருந்த படமும் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிறது. ராட்சத விலங்குகளோடு மேக்ஸ் ஆட்டம் போடும் இடம் வரும்போது படம் இரண்டு பக்கத்தையும் முழுதாக எடுத்துக்கொள்கிறது, வரியே இல்லை. வீட்டு நினைப்பு வந்ததும் படங்கள் மறுபடி சுருங்குகின்றன. கோபம் ஏறுவதும் இறங்குவதும் படத்தின் அளவிலேயே இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உடம்பால் உணர்ந்துகொள்ளும்.

வரியை மூடிப் பாருங்கள்

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் புரட்டுங்கள். ஏதோ நடக்கிறது, அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்று தோன்றுகிறதா? பிறகு வரிகளை மட்டும் படியுங்கள். படம் சொன்னதையே வரியும் சொன்னால், ‘சிவப்புச் சட்டை போட்ட பாப்பா பந்தை உதைத்தாள்’ என்று எழுதி சிவப்புச் சட்டைப் பாப்பா பந்தை உதைப்பதையே வரைந்திருந்தால், இரண்டில் ஒன்று வேலையில்லாமல் நிற்கிறது. நல்ல புத்தகத்தில் வரி ஒன்றைச் சொல்லும், படம் இன்னொன்றைச் சொல்லும், இரண்டையும் சேர்த்துப் பிள்ளை மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள்: அட்டையில் ஓவியரின் பெயர் இருக்கிறதா? தமிழில் மலிவாகக் கிடைக்கும் பல சிறுவர் நூல்களில் படங்கள் எங்கெங்கிருந்தோ இறக்கி ஒட்டியவை. நாலாம் பக்கத்து யானை வேறு, ஏழாம் பக்கத்து யானை வேறு. சட்டையின் நிறம் மாறும், குடையின் கைப்பிடி மாறும். பெரியவர்கள் கவனிப்பதில்லை. பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள். “இது அந்த யானை இல்லையே?” என்று கேட்கும் பிள்ளைக்கு நம்மிடம் பதில் கிடையாது. பெயர் போட்ட ஓவியர் அந்த யானைக்குப் பொறுப்பேற்கிறார். நம் ஊரில் ஓவியரை மறந்துவிடும் வழக்கம் பழையது. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்த எத்தனையோ பேருக்கு, தோளில் வேதாளத்தைச் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தன் படம் கண்ணிலேயே நிற்கிறது. அதை வரைந்த சங்கர், கே.சி. சிவசங்கரன், 2020-இல் காலமானபோதுதான் அவர் பெயரையே முதல்முறையாகக் கேள்விப்பட்டவர்கள் ஏராளம். குழந்தைக்குப் படித்துக் காட்டும்போது எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் சேர்த்தே வாசியுங்கள்.

நிறம் கூடினால்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதும் உண்மையில்லை. சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்ட, அனுஷ்கா ரவிசங்கர் எழுதி புலக் பிஸ்வாஸ் வரைந்த ‘டைகர் ஆன் எ ட்ரீ’ புத்தகத்தில் கறுப்பும் ஆரஞ்சும் மட்டுமே. புலி மரத்தில் ஏறினால் எழுத்தும் ஏறுகிறது. அதே பதிப்பகத்தின் ‘த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ கறுப்புத் தாளில் கையால் அச்சிட்டது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்காபாய், ராம்சிங் உர்வேதி ஆகியோரின் மரங்கள் அதில் இருட்டிலிருந்து எழுந்து வருகின்றன. விலை அதிகம்தான். ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு நூலகத்திலும் இருக்க வேண்டும்.

கடிப்பதில் தொடங்கி

ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் புத்தகம் என்பது கடிக்கவும் தட்டவும் இழுக்கவும் உள்ள பொருள். கெட்டி அட்டைப் பக்கம், மழுங்கிய முனை, பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய படம் போதும். கிழிப்பதைக் கண்டு புத்தகத்தை உயர்ந்த அலமாரியில் வைத்துவிடாதீர்கள். மூன்றிலிருந்து ஆறு வரை, திரும்பத் திரும்ப வரும் சொல்லும் அடுத்தது என்ன என்று ஊகிக்க விடும் கதையும் பிடிக்கும். 1969-இல் வந்த எரிக் கார்லின் பசித்த கம்பளிப்பூச்சிக் கதையில் புழு தின்ற ஓட்டைகள் பக்கத்தில் நிஜமாகவே இருக்கும், விரல் நுழையும். அந்த ஓட்டைகளை மலிவாகப் போட அமெரிக்காவில் அச்சகம் கிடைக்காமல் ஜப்பானில் அச்சடித்தார்கள். ஓர் ஓட்டைக்காகக் கடல் தாண்டிப் போன பதிப்பாளர் இருந்ததால்தான் அந்தப் புத்தகம் இன்றும் நிற்கிறது.

இந்த வயதில் ஒரே புத்தகத்தை நூறு தடவை படிக்கச் சொல்வார்கள். அதனால் வாங்கும்போதே வாய்விட்டு ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். உங்கள் நாக்குக்கே தடுக்கினால் வேண்டாம். எழுத்துத் தமிழில் உள்ளதை உங்கள் வீட்டுப் பேச்சில், உங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றிச் சொல்வதும் நல்ல வாசிப்புதான்.

பிள்ளை தானாக எழுத்துக் கூட்டத் தொடங்கும்போதுதான் தமிழ்ப் புத்தகங்களின் பெரிய குறை தெரியும். இருபுறமும் ஓரம் நேராக வர வேண்டும் என்பதற்காக, சொல்லை வரிக் கடைசியில் எங்கே வேண்டுமானாலும் உடைத்துவிடுகிறார்கள். ‘ஓடிக்கொண்டி’ ஒரு வரியில், ‘ருந்தது’ அடுத்த வரியில். பெரியவர் கண் தாண்டிப் போய்விடும். ஆறு வயதுப் பிள்ளை அங்கேயே நின்றுவிடும், தனக்குப் படிக்க வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். தப்பு அச்சடித்தவருடையது. சொல் உடையாத வரி, பெரிய எழுத்து, படத்தின் அடர்நிறத்தின் மேல் எழுத்தைப் போட்டு மறைக்காத பக்கம் ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள். சொற்கள் சேர்ந்து சேர்ந்து நீண்டுவிடும் மொழியில் இந்த அக்கறை ஆங்கிலத்தில் தேவைப்படுவதைவிட அதிகம் தேவை.

படிநிலை போட்ட புத்தகங்கள் இப்போது உண்டு. பெங்களூரின் பிரதம் புக்ஸ், சுமார் 250 சொல்லுக்குள் முதல் நிலை, 600 வரை இரண்டாம் நிலை, 1,500 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை என்று வகுத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறது. இவை வழிகாட்டிகள். ‘ஓடு’ நிலையில் இருக்கும் பிள்ளை ‘நுழை’ புத்தகத்தைத் திரும்பவும் எடுத்தால் பறிக்காதீர்கள். பழைய புத்தகத்துக்குத் திரும்பும் பிள்ளை சென்ற முறை விட்ட ஒன்றை இம்முறை பார்க்கிறது.

“இதுல என்ன நீதி?”

விற்பனையாளர்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கதையின் கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி இல்லையென்றால் கதை பயனற்றது என்ற எண்ணம் ஆழமாக ஊறிவிட்டது. என் கருத்தைத் திட்டமாகவே சொல்கிறேன்: கடைசி வரியில் நீதி அச்சடித்த புத்தகத்தைக் கீழே வைத்துவிடலாம். அந்த வரி, அதுவரை பிள்ளை யோசித்ததை எல்லாம் அழித்து, ‘விடை இதுதான்’ என்று முடித்துவிடுகிறது.

நீதியைத் தேடும் கண்ணை வேறு இடத்துக்குத் திருப்புங்கள். படத்தில் நல்லவர்கள் எல்லாரும் வெளுப்பாகவும் அரக்கர்கள் எல்லாரும் கறுப்பாகவும் இருக்கிறார்களா? 1967-இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை இந்தியப் பிள்ளைகள் பல தலைமுறைக்கும் புராணத்தையும் வரலாற்றையும் கொடுத்தது. அதே வரிசைமீது நீண்ட காலமாக உள்ள குற்றச்சாட்டும் இதுதான். கறுத்த நம் பிள்ளை, தன் நிறத்தை அரக்கன் முகத்தில் மட்டும் பார்த்துக்கொண்டே வளரக் கூடாது. சமைப்பது அம்மா, பேப்பர் படிப்பது அப்பா என்றே எல்லாப் பக்கமும் இருக்கிறதா? வீடு என்றால் மாடி வீடு மட்டும்தானா? சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை வந்தால் பரிதாபத்துக்கு மட்டும்தான் வருகிறதா? சென்னையின் தூலிகா 1996 முதல் பல இந்திய மொழிகளில் வெளியிடும் படப் புத்தகங்களில் இந்த அக்கறை தெரியும். கமலா பாசின் எழுதிய ‘மாலு பாலு’ அவற்றில் ஒன்று. பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்கள், வானம் பதிப்பகம், நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலயம் என்று தமிழில் தேட இடங்கள் இருக்கின்றன. காசே இல்லையென்றால் பிரதம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப் புத்தகங்களை இலவசமாகப் படிக்கலாம், அச்செடுக்கலாம். அங்கே யாரும் மொழிபெயர்க்கலாம் என்பதால் தமிழின் தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும். முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள்.

படம் போட்டதெல்லாம் பிள்ளைகளுக்கா?

இனி கிராஃபிக் நாவல். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984-இல் லயன் காமிக்ஸ் சேர்ந்துகொண்டது. பாடப் புத்தகத்துக்குள் மறைத்துவைத்து மாயாவி படித்தவர்கள்தான் இன்று அம்மாவும் அப்பாவும். இருந்தும், “காமிக்ஸ் படிச்சா படிப்பு கெட்டுடும்” என்ற பேச்சு நிற்கவில்லை. இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1954-இல் காமிக்ஸ் சிறுவர்களைக் குற்றவாளிகள் ஆக்குகிறது என்று ஒரு நூலே எழுதினார். செனட் விசாரணை நடந்தது, பதிப்பாளர்கள் பயந்து தங்களுக்குத் தாங்களே தணிக்கை வைத்துக்கொண்டார்கள். அவர் தன் ஆதாரங்களைத் திரித்திருந்தார் என்பதை கரோல் டில்லி என்ற ஆய்வாளர் 2012-இல் அவருடைய கோப்புகளைக் கொண்டே காட்டினார். 2020-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம், ஜெர்ரி கிராஃப்டின் ‘நியூ கிட்’ என்ற கிராஃபிக் நாவலுக்குக் கிடைத்தது. அந்த விருது ஒரு கிராஃபிக் நாவலுக்குப் போனது அதுவே முதல்முறை.

கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் என்ன நடந்தது என்பதை வாசகர்தான் நிரப்புகிறார். ஸ்காட் மெக்லவுட் 1993-இல் காமிக்ஸைப் பற்றிக் காமிக்ஸாகவே எழுதிய நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். முதல் கட்டத்தில் ஓங்கிய கை, இரண்டாம் கட்டத்தில் உடைந்த பானை. நடுவில் விழுந்த அடி நம் மனதில்தான் விழுகிறது. முகபாவம், கோணம், வசனம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சேர்த்துப் படிக்கும் இந்த வேலையைச் சோம்பேறி வாசிப்பு என்று எப்படிச் சொல்வது? வெறும் எழுத்தால் முடியாததையும் இந்த வடிவம் செய்யும். சிறு வயதில் செவித்திறனை இழந்த செஸி பெல், தன் கதையை ‘எல் டெஃபோ’ என்று 2014-இல் வரைந்தார். காதுக் கருவியின் பேட்டரி தீரத் தீர, மற்றவர்களின் பேச்சுக் குமிழில் உள்ள எழுத்து மங்கி, கடைசியில் குமிழ் காலியாகிவிடும். கேட்காமல் போவது எப்படியிருக்கும் என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

ஆனால் படப் புத்தகத்தில் செய்யும் தவறுக்கு நேர்மாறான தவறு இங்கே நடக்கிறது. அங்கே படம் அதிகம் என்று வாங்க மறுக்கிறோம். இங்கே படம் இருப்பதாலேயே பிள்ளைகளுக்கானது என்று நம்பிக் கொடுத்துவிடுகிறோம். ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ அட்டையில் எலிகள் இருக்கும். பஞ்சதந்திரம் போலத் தோன்றும். உள்ளே இருப்பது நாஜி வதைமுகாமில் தப்பிப் பிழைத்த தந்தையின் கதை. 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. மர்ஜான் சத்ரபியின் ‘பெர்சேபோலிஸ்’ ஈரானியச் சிறுமியின் கதைதான். அதில் சித்திரவதைக் காட்சிகள் உண்டு. நம் லயன் காமிக்ஸின் டெக்ஸ் வில்லர் கதைகளில் துப்பாக்கிச் சூடும் சாவும் பக்கத்துக்குப் பக்கம் வரும். இவை மட்டமானவை அல்ல; ‘மௌஸ்’ எல்லாரும் ஒருநாள் படிக்க வேண்டியது. எப்போது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் ஒரு மாவட்டக் கல்வி வாரியம் 2022-இல் அதை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து நீக்கியது. அந்தத் தடையை நான் ஏற்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை பெரியவர் துணையோடு படிக்கக்கூடிய நூல் அது. ஏழு வயதுப் பிள்ளையிடம் தனியாகக் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய நூல் அல்ல. கிராஃபிக் நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீங்கள் படித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒரு மாலை நேரம் போதும்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் ‘பீமாயணம்’ கொடுங்கள். அம்பேத்கரின் வாழ்க்கையை துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள் வரைந்தது. நவயானா 2011-இல் வெளியிட்டது. காலச்சுவடு தமிழில் கொண்டுவந்திருக்கிறது. மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்று அந்த ஓவியர்கள் கட்டங்களே போடவில்லை. அன்பாகப் பேசுபவரின் குமிழ் பறவை வடிவில் இருக்கும். சாதிவெறியோடு பேசுபவரின் குமிழுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனின் தாகத்தை மீனும் குழாயும் குளமுமாக வரைந்திருக்கிறார்கள். சமூக அறிவியல் பாடத்தில் தீண்டாமை ஒரு பத்தி. இங்கே அது ஒரு பையனின் வறண்ட தொண்டை.

தமிழில் மொழிபெயர்த்து வரும் காமிக்ஸை எடுக்கும்போது குமிழைப் பாருங்கள். ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ வரைந்த சின்னக் குமிழுக்குள் தமிழ் வசனத்தைத் திணித்து எழுத்தைப் பொடியாக்கியிருந்தால் பிள்ளை படத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடும். வசனத்தைச் சுருக்கி, எழுத்தைப் பெரிதாக வைத்த பதிப்பே நல்ல பதிப்பு.

சொல்லே இல்லாத ஒரு நூலைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஷான் டான் 2006-இல் வெளியிட்ட ‘த அரைவல்’. ஒருவர் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுக் கப்பலேறி முன்பின் தெரியாத நாட்டுக்குப் போகிறார். அந்த நாட்டின் எழுத்தையே டான் புதிதாக உருவாக்கியிருக்கிறார். படிக்கும் யாருக்கும் அது புரியாது. வந்திறங்கியவரின் திகைப்பு அப்படியே நம் திகைப்பாகிறது. டானின் அப்பாவே மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர். யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் போன குடும்பங்களில், தமிழ் வாசிக்கத் தெரியாத பேரனும் ஆங்கிலம் வாசிக்காத அம்மம்மாவும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க இதைவிடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை. பெட்டி கட்டும் பக்கத்தில் அம்மம்மா சொல்லத் தொடங்குவது டானின் கதையாக இருக்காது.

எல்லாம் சொன்ன பிறகும், கடைசியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது பிள்ளைதான். நீங்கள் பொறுக்கி எடுத்த நாலைந்தைத் தரையில் பரப்பிவைத்து, ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததைக் குறை சொல்லாதீர்கள். படித்து முடித்ததும் “என்ன புரிஞ்சுது?” என்று தேர்வு வைக்காதீர்கள். “எந்தப் படம் பிடிச்சுது?” என்று கேட்டால் போதும், பேச்சு தானாக வரும்.

நல்ல படப் புத்தகங்களை எல்லாம் விலை கொடுத்து வாங்க நம்மில் பெரும்பாலோரால் முடியாது. அதற்குத்தான் நூலகம். சென்னையின் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையின் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே பெரிய பகுதிகள் இருக்கின்றன. உங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கிளை நூலகத்தில் அப்படி ஒரு அலமாரி இருக்கிறதா என்று இந்த வாரம் பிள்ளையோடு போய்ப் பாருங்கள். இல்லையென்றால், இந்தக் கட்டுரையில் உள்ள பெயர்களை ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். அடுத்த மாதம் போய் மறுபடி கேளுங்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. அந்த அலமாரிக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள்.